கேமரா நம் கையில். கதை யார் கையில்?



இன்று இரவு வீட்டில் ஒரு கணக்கு எடுங்கள். உங்கள் கைப்பேசி ஒன்று. மனைவியுடையது ஒன்று. இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் ஒன்று. கண்ணாடி விரிசல் விட்டு அலமாரியில் கிடக்கும் பழையது ஒன்று. ஆக, மாதக் கடைசியில் அரிசிக்குக் கணக்குப் பார்க்கும் வீட்டில்கூட நான்கு கேமராக்கள் இருக்கின்றன. இத்தனை இருந்தும், உங்கள் அம்மா பால் வெட்டிய காலத்தை அவர் வாயாலேயே சொன்னது ஐந்து நிமிடமாவது பதிவாகி இருக்கிறதா? தாத்தாவின் குரல் இருக்கிறதா? நீங்கள் பிறந்த லயத்தின் படம் இருக்கிறதா?

பெரும்பாலான வீடுகளின் பதில் எனக்குத் தெரியும். என் வீட்டிலும் அதே பதில்தான்.

பழைய கதை பேசி அழுவதற்காக இதைக் கேட்கவில்லை. நான் தொழிலால் வழக்கறிஞன். பதிவு இல்லாத மக்கள் நீதிமன்றத்தில் என்ன பாடு படுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்து வருபவன். அதனால்தான் இம்முறை நிலம், அடையாள அட்டை, குடியுரிமை என்று எழுதாமல், படம் எடுக்கக் கற்றுக்கொள்வதைப் பற்றி எழுதுகிறேன். "லாயருக்கு இது என்ன வேலை?" என்று கேட்பீர்கள். ஒரு கல்யாண வீடியோவிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சிலாங்கூரில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். நிலம் கைமாறிவிட்டது. நாற்பது சொச்சம் குடும்பங்களுக்கு வெளியேறும்படி நோட்டீஸ் வந்தது. கோவிலையும் எடுக்க வேண்டும் என்றார்கள். எதிர்த்தரப்பின் வாதம் சுருக்கமானது: நிலம் விற்ற பிறகு, இழப்பீடு வாங்குவதற்காக அவசர அவசரமாகக் கட்டிய கோவில் இது! நம் மக்களோ "எங்க பாட்டன் காலத்துக் கோவில் ஐயா" என்றார்கள். சரி, காகிதம்? இல்லை. படம்? இல்லை. தோட்டத்து ஆபீஸ் பதிவேடுகள்? அவை நிர்வாகத்திடம்.

கடைசியில் ஓர் அம்மா இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு வீடியோ டேப்பைக் கொண்டு வந்தார். 1994-இல் அவர் மகளுக்கு நடந்த கல்யாணம். நாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதைச் சுத்தம் செய்து வட்டில் ஏற்றித் தர ஒரு கடையைத் தேடிப் பிடித்தோம். மூன்று மணி நேரப் படம். இதய வடிவத்துக்குள் மாப்பிள்ளை முகம், ரோஜாப்பூவுக்குள் பெண் முகம், இரண்டும் சுழன்று ஒன்று சேர்வது என்று அந்தக் காலத்து வித்தைகள் அத்தனையும் உண்டு. நானும் என் குமாஸ்தாவும் இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தோம். மாப்பிள்ளை அழைப்பில், கோவில் வாசலிலிருந்து கூட்டம் புறப்படும் இடத்தில், பின்னால் கோவில் முழுதாகத் தெரிகிறது. 11 விநாடி. அந்த 11 விநாடிதான் "அவசரமாகக் கட்டிய கோவில்" என்ற வாதத்தை உடைத்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. அதே வீடியோவில், சாப்பாட்டுப் பந்தலுக்கு வெளியே, பெண்ணின் தாத்தா கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். கையை நீட்டி லயத்தைக் காட்டுகிறார், கோவிலைக் காட்டுகிறார், விரல்விட்டு எதையோ எண்ணுகிறார். எந்த ஆண்டு வந்தோம், யார் முதல் கல்லை வைத்தார்கள் என்று சொல்கிறாரோ என்னவோ! நமக்குக் கேட்பது ஒரு சினிமாப் பாட்டு. வீடியோக்காரர் உண்மையான ஒலியை அழித்துவிட்டுத் தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டு போட்டிருந்தார். வழக்கு வருவதற்கு முன்பே அந்தப் பெரியவர் காலமாகிவிட்டார். குடும்பமே என் அலுவலகத்தில் உட்கார்ந்து அவர் உதட்டசைவைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. ஒரு வார்த்தையைக்கூட யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. கோவில் இடம் மாறியது. வீடியோக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். நாம் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். நமக்குக் கல்யாணம் சினிமா மாதிரி இருக்க வேண்டும். கிழவர் பேசுவது யாருக்கு வேண்டும்?

இதெல்லாம் என் மனத்தில் கிடந்தபோதுதான் ஓர் அழைப்பு வந்தது. தொடக்கநிலையினருக்கான குறும்படப் பட்டறை ஒன்றில், படம் எடுப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டங்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றார்கள். கடைவரிசை ஒன்றின் மேல்மாடி, கீழே மாமாக் கடை. பேசிவிட்டுக் கிளம்பலாம் என்று போனவன், இரண்டு வார இறுதியும் அங்கேயே கிடந்தேன். என்னோடு பன்னிரண்டு பேர். தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்த பையன், பாலர்பள்ளி ஆசிரியை, லாரி ஓட்டுநர், எஸ்.பி.எம். முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள், இப்படி. கற்றுக்கொடுத்தவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு தங்கை. சொந்தமாகக் குறும்படங்கள் எடுத்தவர்.

முதல் நாள் காலையில் அவர் யாரையும் கைப்பேசியைத் தொடவிடவில்லை. கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்காரச் சொன்னார். கேட்ட சத்தங்களை எல்லாம் எழுதச் சொன்னார். மோட்டார் சைக்கிள், காற்றாடி, கீழே ரொட்டி சானாய் மாவை அடிக்கும் சத்தம், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, யாரோ இருமுவது. "படம் கொஞ்சம் மங்கலா இருந்தா ஜனங்க பொறுத்துக்குவாங்க. பேச்சு கேக்கலன்னா எழுந்து போயிடுவாங்க" என்றார். அந்தத் தாத்தாவின் உதடுகள் என் கண்முன் வந்து நின்றன.

அவர் சொன்ன வழி எந்தக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகும். கைப்பேசியில் உள்ள மைக், பேசுபவரிடமிருந்து கையெட்டும் தூரத்தைத் தாண்டினால் உதவாது. அதனால் இரண்டாவது கைப்பேசி ஒன்றில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பேசுபவரின் சட்டைப் பையில் வையுங்கள். ஒரு கைப்பேசி முகத்தை எடுக்கட்டும், இன்னொன்று குரலை எடுக்கட்டும். தொடங்கும்போது ஒருமுறை கையைத் தட்டினால் போதும், பிறகு அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம். விளக்கு இல்லையா? சன்னல் போதும். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைக்காதீர்கள், பக்கவாட்டில் உட்கார வையுங்கள். காற்றாடியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அதைப் போட்டால் இடைவெளி உறுத்தாது. குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் கோடு கோடாக ஓடுகிறதே, அதற்கும் காரணம் சொன்னார். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவை விநாடிக்கு 25 சட்டகம் என்றும் ஷட்டரை 50-இல் ஒரு பங்கு என்றும் வைத்தால் பெரும்பாலும் அந்தக் கோடு மறைந்துவிடும். இதை எல்லாம் நமக்கு இதுவரை யார் சொன்னார்கள்?

மத்தியானம் கீழே போனோம். ரொட்டி போடும் தம்பியிடம் அனுமதி கேட்டு, ஆளுக்கு ஐந்து ஷாட். வேலை செய்யும் கை, அந்தக் கைக்கு உரியவர் முகம், கையும் முகமும் சேர்ந்து தெரியும் இடம், அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, பிறகு கடை முழுவதும் தெரியும்படி. ஒவ்வொன்றையும் அசையாமல் 10 விநாடி பிடிக்க வேண்டும். 10 விநாடி என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். என் படத்தைப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றியது. முகத்துக்கு ஓடுகிறேன், மாவுக்கு வருகிறேன், பெரிதாக்குகிறேன், சிறிதாக்குகிறேன். அந்தத் தங்கை சிரிக்காமல் சொன்னார்: "அண்ணா, நீங்க கேமராவால தேடுறீங்க. கண்ணால தேடி முடிச்சிட்டு அப்புறம் கேமராவ வைங்க."

பேட்டி எடுப்பதில் இன்னும் மோசம். "நீங்கள் 1978-இல் இந்தத் தோட்டத்துக்கு வந்தீர்கள், சரிதானே?" என்று ஓர் ஐயாவைக் கேட்டேன். அவர் "ஆமா" என்றார். "மேனேஜர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார், அப்படித்தானே?" "ஆமா." குறுக்கு விசாரணை செய்து பழகிய வாய்! அரைமணி நேரம் எடுத்ததில் கதை முழுவதையும் நானே சொல்லியிருந்தேன். அவர் வாயிலிருந்து வந்தது இருபது ஆமா. அந்த இரவு ஷிப்ட் பையன் அதே ஐயாவிடம் "மொத மொத இங்க வந்த நாள்ல என்னா பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான். ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவனும் பேசவில்லை. பிறகு அவர் பேச ஆரம்பித்தார், பதினைந்து நிமிடம் நிறுத்தவில்லை. சட்டம் படித்தவனுக்கு வராதது அவனுக்கு வந்தது. இது கல்விச் சான்றிதழ் கேட்கும் கலை அல்ல, வாசகர்களே.

வரலாறும் அதைத்தான் சொல்கிறது. 2000-ஆம் ஆண்டு அமீர் முகமட் சின்ன டிஜிட்டல் கேமராவில் 'லிப்ஸ் டு லிப்ஸ்' எடுத்தபோது, இந்நாட்டில் படம் எடுக்கப் பெரிய முதலாளி வேண்டும் என்ற பேச்சு ஆட்டம் கண்டது. அவரும் ஜேம்ஸ் லீ, டான் சுய் முய், லியூ செங் டாட் ஆகியோரும் டா ஹுவாங் பிக்சர்ஸ் என்று ஒரு சிறு நிறுவனம் அமைத்தார்கள். ஒருவர் இயக்கும்போது இன்னொருவர் கேமரா, மற்றவர் தயாரிப்பு, அடுத்த படத்துக்கு இடம் மாறிக்கொள்வது. டான் சுய் முய்யின் 'லவ் காங்கர்ஸ் ஆல்' இப்படித்தான் வந்தது, பூசானிலும் ரோட்டர்டாமிலும் விருது வாங்கியது. நம்மிலும் ஒருவர் சும்மா இருக்கவில்லை. 2005-இல் தீபக் குமாரன் மேனன் 'செம்மண் சாலை'யை எடுத்தார். 1960-களின் ரப்பர் தோட்டத்தில், பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை. வெளிநாட்டு விழாக்களுக்கெல்லாம் போன படம். அதை நம்மில் எத்தனை பேர் பார்த்தோம்? அதே ஆண்டு வந்த சென்னைப் படங்களின் பெயரை நான் கேட்டால் வரிசையாகச் சொல்வீர்கள்.

பிறகு 2015 டிசம்பரில் சஞ்சை குமார் பெருமாளின் 'ஜகாட்'. தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக்கு வந்த குடும்பம், 1990-களின் தொடக்கம், அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையன், குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா. தலைப்பே நம் நாட்டுத் தமிழ். 'ஜாஹாட்' என்ற மலாய்ச் சொல்லை நம் வாய் ஆக்கிய விதம். அந்தப் படத்தில் யாரும் மதுரைத் தமிழ் பேசவில்லை. நீங்களும் நானும் வீட்டில் பேசுகிற தமிழையே பேசினார்கள். 2016-இல் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழிப் படங்கள் ஒரு பிரிவு, மற்ற மொழிப் படங்கள் இன்னொரு பிரிவு என்று பிரித்து வைத்தார்கள். அதனால் 'ஜகாட்', 'ஓலா போலா' போன்றவை சிறந்த படத்துக்கான போட்டியிலேயே நிற்க முடியாத நிலை. கலைஞர்கள், அதிலும் மலாய்க் கலைஞர்கள் முன்னால் நின்று, எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். பிரிவினை மாற்றப்பட்டது. 'ஜகாட்' சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. மொழியைக் காட்டி ஒரு மலேசியக் கதையை மலேசியக் கதை இல்லை என்று சொல்ல முடியாது என்பதை ஒரு நல்ல படம் காட்டிவிட்டது. நாங்கள் மனு போட்டுப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் இதுதான்.

இதைச் சொல்லும்போது நம் இளைஞர்கள் சிலருக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. குறும்படம் என்று என்னிடம் கொண்டுவந்து காட்டுவதில் பாதி, கறுப்புக் கண்ணாடி போட்டு மெதுவாக நடந்து வருவது. கையில் பாராங். பின்னால் சென்னையில் போட்ட இசை. தம்பி, உன் அப்பா லாரி ஓட்டி முதுகு ஒடிந்து கிடக்கிறார், உன் அக்கா தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் மாறுகிறாள், உன் தெருவில் பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நிற்கிறது. இது எதுவும் உன் கேமராவில் விழவில்லையா? அந்தப் பாட்டும் உன்னுடையது இல்லை. 1987 பதிப்புரிமைச் சட்டப்படி அடுத்தவர் பாட்டைப் போட அனுமதி வேண்டும். அனுமதியே கிடைத்தாலும் போடாதே என்பேன். உன் பாட்டியின் குரலை அது மூடிவிடும்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். பட்டறையில் எனக்குக் கொடுத்த ஒரு மணி நேரம் இதற்குத்தான்.

நீங்கள் எடுக்கும் படம் சாட்சியமாகுமா? ஆகும். 1950 சாட்சியச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் 'ஆவணம்' என்ற சொல்லுக்குள் நாடா, வட்டு, படச்சுருள், ஒலிப்பதிவு எல்லாம் அடங்கும். கணினி வழி வந்தவற்றுக்கு 90ஏ பிரிவு உண்டு. ஆனால் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி, "இதை வெட்டினீர்களா?" என்பதுதான். ஆகவே மூலப் பதிவில் கை வைக்காதீர்கள். பிரதி எடுத்து, பிரதியில் வெட்டி ஒட்டுங்கள். மூலம் ஒரு வன்தட்டில், இன்னொரு பிரதி வேறு இடத்தில், உறவினர் வீட்டிலாவது இருக்கட்டும். யார் எடுத்தது, எந்த நாள், எந்த இடம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுகிறார்களே, அதைப்போல் எரிச்சலூட்டுவது எதுவும் இல்லை! வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எந்த நேரத்தில் எடுத்தது என்ற விவரமும் போய்விடும்.

குகனை மறந்திருக்க மாட்டீர்கள். 2009 ஜனவரியில் காவல் துறையின் பிடியில் இறந்த 22 வயது இளைஞர். சவக்கிடங்கில் குடும்பத்தார் அந்த உடலின் காயங்களைப் பதிவு செய்தார்கள். முதல் பிரேதப் பரிசோதனை ஒன்றைச் சொல்ல, அந்தப் படங்கள் வேறொன்றைக் காட்டின. இரண்டாவது பரிசோதனை நடந்தது. 2013-இல் உயர் நீதிமன்றம் காவல் துறையையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கி இழப்பீடு வழங்கச் சொன்னது. வழக்கை வென்றது மருத்துவச் சாட்சியமும் வழக்கறிஞர்களின் உழைப்பும்தான். ஆனால் முதலில் நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தது அந்த வீட்டார் எடுத்த படம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எடுப்பதற்கு ஒரு சட்டம், காட்டுவதற்கு ஒரு சட்டம். 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, வாரியத்தின் அனுமதி பெறாத படத்தைக் காட்டுவதையும் வைத்திருப்பதையும்கூடக் குற்றமாக்குகிறது. காட்டினால் 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இது ஏட்டில் கிடக்கும் சட்டம் என்று எண்ண வேண்டாம். 2013 ஜூலையில் கோலாலம்பூர் சீன அசெம்பளி மண்டபத்தில், இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய 'நோ ஃபயர் சோன்' ஆவணப்படத்தைப் புசாட் கோமாஸ் அமைப்பினர் காட்டினார்கள். அந்த அமைப்பைச் சேர்ந்த லீனா ஹென்ட்ரி மீது வழக்கு. 2016-இல் விடுதலை, அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அதை மாற்றித் தற்காப்பு வாதம் செய்ய உத்தரவிட்டது, 2017-இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 10,000 வெள்ளி அபராதம். நம் இனம் முள்ளிவாய்க்காலில் மடிந்ததைக் காட்டியதற்காக, தமிழர் அல்லாதவர்களும் சேர்ந்து நடத்திய ஒரு நிகழ்ச்சிக்காக, ஒரு பெண் நான்கு ஆண்டு நீதிமன்றப் படி ஏறினார். நாம் எத்தனை பேர் அந்த வராந்தாவில் போய் நின்றோம்?

2020 ஜூலையில், சமூக ஊடகத்தில் போடும் படத்துக்குக்கூட ஃபினாஸ் உரிமம் வேண்டும் என்ற பொருள்பட அமைச்சர் நாடாளுமன்றத்தில் பேசினார். 1981-இல் இயற்றிய சட்டத்தைக் கைப்பேசிக் காலத்துக்கு இழுத்த கதை. எதிர்ப்பு கிளம்பியதும், சாதாரணப் பயனர்கள் வழக்கம்போல் பதிவிடலாம் என்றார். 2021 ஜூலையில் தடுப்புக் காவலில் சித்திரவதை பற்றிய ஓர் அசைவூட்டக் குறும்படத்துக்காக ஃபிரீடம் ஃபிலிம் நெட்வொர்க் அலுவலகத்தில் காவல் துறை சோதனை நடத்தியது. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. குடும்பத்துக்குள் பாட்டியைப் பதிவு செய்வதற்கு யாரும் உங்கள் கதவைத் தட்டப் போவதில்லை. பொது மண்டபத்தில் திரையிடப் போகிறீர்களா, ஒரு துறையையோ நிறுவனத்தையோ குற்றம் சாட்டும் படமா, அப்போது முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இந்த நாட்டில் படம் எடுப்பதற்கு எங்களைப் போன்றவர்கள் இலவசமாக உதவக் காத்திருக்கிறோம்.

கற்றுக்கொள்ள வழி இல்லாமலும் இல்லை. கோமாஸ் 2003-இல் தொடங்கிய ஃபிரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட், மனித உரிமைக் கதைகளோடு வரும் புதியவர்களுக்கு நிதியும் பயிற்சியும் கொடுத்து வளர்ந்த விழா. அங்கே விண்ணப்பிக்கப் பட்டம் கேட்பதில்லை, கதை கேட்பார்கள். வெட்டி ஒட்டுவதற்கு டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே தாராளம். கணினி இல்லையென்றால் கைப்பேசியிலேயே செய்யலாம். பட்டறையில் நாங்கள் முதலில் வெட்டியது காகிதத்தில். நாற்பது நிமிடப் பேச்சைக் கேட்டு எழுதி, வேண்டிய வரிகளைக் கோடிட்டு, கத்தரித்துத் தரையில் பரப்பி வரிசை மாற்றினோம். ஒரு மனிதர் சொன்ன பாதிப் பதிலை இன்னொரு கேள்விக்கு ஒட்டினால் அவரைப் பொய்யராக்கிவிடலாம் என்பது அப்போதுதான் கைக்குப் புரிந்தது. நான் அங்கே கொஞ்சம் சத்தம் போட்டேன். தொழில் புத்தி.

அந்த லாரி ஓட்டுநர் தம்பியின் படத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அவர் அப்பா முன்பு தோட்டத்தில் பால் வெட்டியவர். இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவலாளி. குடியிருப்பு நிற்பது அதே தோட்டத்து மண்ணில்! தம்பி எடுத்த படம் நான்கு நிமிடம். அப்பா தடுப்புக் கம்பியைத் தூக்குகிறார், வருபவர் பெயரை நோட்டில் எழுதுகிறார், தே ஓ குடிக்கிறார். நடுவில் ஒரே ஒரு பேச்சு: "அந்த நீச்சல் கொளம் இருக்கில்ல, அதான் நம்ம லயம். நம்மது நாலாவது கதவு." சொல்லிவிட்டு அடுத்த காருக்குக் கம்பியைத் தூக்கப் போய்விடுகிறார்.

இதை வெளியே காட்டலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. சட்டையில் காவல் நிறுவனத்தின் பெயர் தெரிகிறது. அப்பாவுக்கு வேலை போனால்? பாதிப் பேர் "இதைத்தான் ஊரே பார்க்க வேண்டும்" என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையின் முகம், வழக்கு நடக்கும் பெண்ணின் வீட்டு எண், இந்தக் காவலாளியின் சட்டை, இவற்றை எல்லாம் காட்டுவதற்கு முன் அவர்களிடம் கேட்க வேண்டும். எடுக்கும் முன் ஒருமுறை, முடித்த படத்தைப் போட்டுக் காட்டி மறுமுறை. தம்பி படத்தை அப்பாவிடம் போட்டுக் காட்டினார். பெரியவர் முழுவதும் பார்த்தார். "நான் ரிட்டையர் ஆனப்புறம் காட்டிக்க" என்றார். அதோடு விவாதம் முடிந்தது. படம் இப்போது இரண்டு வன்தட்டுகளில் பத்திரமாக இருக்கிறது. அதில் ஒன்று என் அலுவலக அலமாரியில். இதை எழுதுவதற்கும் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெற்றோர்களே, உங்கள் கேள்வி எனக்குக் கேட்கிறது: "படம் எடுத்தா சோறு போடுமா?" நேர்மையாகச் சொன்னால், பெரும்பாலோருக்குப் போடாது. தனிப்படம் எடுப்பவர்கள் பகலில் வேறு வேலை பார்த்து, கடன் வாங்கி எடுக்கிறவர்கள்தான். கல்யாண வீடியோ, விளம்பரப் படம், ஒலிப்பதிவு என்று சிலருக்குக் கைத்தொழில் ஆகும், அவ்வளவுதான். எஸ்.பி.எம். படிப்பை விட்டுவிட்டு இதற்கு வா என்று எந்தப் பிள்ளையையும் நான் அழைக்கவில்லை. நான்கு நாள் பட்டறைக்கு அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன். நீங்களும் வரலாம். பாலர்பள்ளி ஆசிரியைக்கு ஐம்பது வயது. எங்கள் கூட்டத்தில் நன்றாக ஒலிப்பதிவு செய்தவர் அவர்தான். இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசும்போது எவன் அழுகிறான் என்று கண்டுபிடித்துப் பழகிய காது.

அடுத்த பட்டறைக்கு வருகிறவர்கள் கொண்டுவர வேண்டியவை: முழுதாகச் சார்ஜ் ஏற்றிய கைப்பேசி, அதில் குறைந்தது பாதி இடம் காலியாக இருக்கட்டும். வீட்டில் கிடக்கும் பழைய கைப்பேசி, ஒலிப்பதிவுக்கு. ஒரு நோட்டுப் புத்தகம். வீட்டிலோ தெருவிலோ இருக்கும் ஒரு பெரியவரின் பெயர். அவரிடம் இப்போதே போய்ச் சம்மதம் கேட்டுவிடுங்கள். எழுபதைத் தாண்டியவர் என்றால் பட்டறைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே சன்னலோரம் உட்கார வைத்து, காற்றாடியை நிறுத்திவிட்டு, முதன்முதலில் இங்கு வந்த நாளில் என்ன பார்த்தார் என்று கேளுங்கள்.